ஓசியில் கிடைத்த வசந்தம்

பிப்ரவரி பிறந்தால் போதும், பெங்களூரிலிருந்து படங்கள் வர ஆரம்பித்துவிடும். இலை ஒன்றுகூட இல்லாமல் மரம் முழுக்க ரோஸ் நிறப் பூ. கீழே நடைபாதையிலும் அதே ரோஸ். படத்துக்கு அடியில் தவறாமல் ஒரு சேதி இருக்கும்: நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் நட்டுவிட்டுப் போனாராம், இன்றைக்கும் ஊரே பூக்கிறதாம். இந்த வருஷம் மட்டும் ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் நாலு பேர், சித்தி ஒருத்தி, அப்புறம் பெங்களூரைக் கண்ணால் பார்த்தேயிராத ஆபீஸ் நண்பர் ஒருவர்.

ஜெர்மன்காரர் உண்மை. நூறு வருஷக் கணக்கும் ஏறக்குறைய சரி. ஆனால் படத்தில் இருக்கிற மரத்தில் பெரும்பாலானதை அவர் நடவில்லை. பின்னே யார் நட்டது? நான் மூன்று வசந்தங்களை ஒரு பைசா கொடுக்காமல் அனுபவித்தவன். பில் யார் கட்டினார்கள் என்று பார்ப்பதுதானே மரியாதை?

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு மரத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன் நான். எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டு: வெயில், இன்னும் கொஞ்சம் வெயில். தை முடிந்து மாசி பிறந்தாலே காடு வெளுத்துவிடும். பங்குனியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தமிழ் வாத்தியார் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று மனப்பாடம் செய்யச் சொன்னபோது, அந்த மாதங்களில் வாசலில் கால் வைக்க முடியாதே, புலவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று வகுப்பே யோசித்தது. அந்த ஊர்க்காரன் 1995ல் எம்.சி.ஏ. படிக்க பெங்களூர் போனான்.

போகிறது சாதாரணமாக இல்லை. 1991 டிசம்பரில் காவிரி கலவரம் நடந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசாதே என்று அப்பா மூன்று தடவை சொல்லி அனுப்பினார். தாத்தாவுக்கு அது இன்னும் பெரிய விஷயம். அவர் வாலிப காலத்தில் மைசூர் சமஸ்தானம் என்பது வேறு ராஜ்ஜியம். அதற்குள்ளே கண்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷ்காரர் கையில் இருந்தது, 1881லிருந்து 1947 வரைக்கும். அந்தக் கண்டோன்மென்ட்டை நம்பித்தான் வேலூர், ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். ஆகவே அவர் கணக்கில் பேரன் படிக்கப் போனது சீமைக்கு. அவரை நான் திருத்தவில்லை. பாஷை வேறு, சோறு வேறு, குளிர் வேறு. சாம்பாரில் வெல்லம் போடுகிற தேசம் வெளிநாடு இல்லாமல் வேறென்ன? :-)

மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் அறை. கையில் காசு கிடையாது. அதனால் என் சந்தோஷங்கள் எல்லாம் காசு கேட்காத சந்தோஷங்களாகவே அமைந்தன. அந்தப் பேட்டையில் தெருக்களின் பெயரே மரம்தான், கவனித்திருக்கிறீர்களா? சம்பிகே ரோடு என்றால் செண்பகச் சாலை. மார்கோசா ரோடு என்றால் வேம்புச் சாலை. 1898 பிளேக்குக்குப் பிறகு ஜனங்கள் நெரிசலான பேட்டைகளை விட்டு வெளியேறி வேகமாக வளர்ந்த இடம் அது. காற்றும் வெளிச்சமும் மரமும் உடம்புக்கு மருந்து என்று அன்று நினைத்திருக்கிறார்கள். மருந்து எனக்கு நூறு வருஷம் கழித்தும் வேலை செய்தது.

காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற பத்து நிமிஷம்தான் முதல் சந்தோஷம். பிப்ரவரியில் ரோஸ் டபேபுயா. அது உதிர்ந்து முடிக்கும் முன்னே மஞ்சள் டபேபுயா, வெயிலைப் பிடித்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. மார்ச்சில் ஜக்கராண்டா, தரையெல்லாம் கத்திரிப்பூ நிறம். பிறகு தூங்குமூஞ்சி மரத்தின் பவுடர் பஃப் பூக்கள். ஏப்ரல், மே என்றால் குல்மொஹர் ஒரு பக்கம் பற்றி எரியும், இன்னொரு பக்கம் நம்ம சரக்கொன்றை. நடுவில் உகாதி சமயத்தில் புங்கமரம் துளிர்க்கும். அந்தப் பச்சைக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கலாம். புங்கம்பூ உதிர்ந்து கிடப்பதைக் குறுந்தொகையிலேயே பொரிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். மல்லேஸ்வரம் நடைபாதையில் அதைப் பார்த்தபோதுதான் வாத்தியார் மேல் இருந்த கோபம் தீர்ந்தது.

இரண்டாவது சந்தோஷம் திராட்சை. பெங்களூர் ப்ளூ என்கிற கறுப்புத் திராட்சை மலிந்து கிடக்கும் காலம் அது. ஹாப்காம்ஸ் கடையில் காகிதப் பொட்டலத்தில் கால் கிலோ வாங்கி, மரத்தடி கல்லில் உட்கார்ந்து தோலைத் துப்பிக்கொண்டே பரீட்சைக்குப் படிப்போம். மாலையில் ஐயங்கார் பேக்கரி காரா பன், தர்ஷினியில் நின்றுகொண்டே இரண்டு பேருக்கு ஒரு காபி. அதற்கு அங்கே 'பை டூ' என்று பெயர். ஏப்ரலில் மாலை நாலு மணிக்கு வானம் கறுத்து ஒரு மாங்காய் மழை பெய்யும். அரை மணி நேரம்தான். நின்றதும் ஊரே வெளியே வரும், நாங்களும்.

ராமநவமி வந்தால் முழுநேர ஓசி. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு பானகம், நீர்மோர், கோசம்பரி. யார், என்ன ஜாதி, எந்த மாநிலம் என்று ஒரு கேள்வி கிடையாது. சாமராஜபேட்டையில் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமசேவா மண்டலி கச்சேரிகள் நடக்கும். 1939ல் ஆரம்பித்தது, நம்ம ஊர் வித்வான்கள் எல்லோரும் பாடிய மேடை. டிக்கெட் வாங்கினால் உள்ளே நாற்காலி. வாங்காதவர்களுக்கு வெளியே ரோட்டோரம். அங்கேயும் தோடி தோடிதான்.

இவ்வளவும் ஒரு மாணவனுக்கு இயற்கையாக வாய்த்தது என்றுதான் தோன்றும். ஊர் குளிர்ச்சி, ஆகவே மரம் பூக்கிறது. ஆனால் மேலே நான் சொன்ன மரங்களின் ஜாதகத்தைப் பாருங்கள். ரோஸ் டபேபுயாவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து வெனிசுவேலா வரை. மஞ்சள் டபேபுயா தென் அமெரிக்கா. ஜக்கராண்டா அர்ஜென்டினா, பொலிவியா. தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். குல்மொஹர் மடகாஸ்கர். புங்கையையும் கொன்றையையும் வேம்பையும் விட்டால், அந்த வசந்தமே என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து குடியேறியது.

கூட்டி வந்த இடம் லால்பாக். 1760ல் ஹைதர் அலி போட்ட தோட்டம், திப்பு வளர்த்தது. பிறகு பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது. 1858ல் லண்டன் க்யூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ வந்தார். அவருக்குப் பின் 1874லிருந்து 1908 வரை ஜான் கேமரன், அவரும் க்யூ ஆள். 1889ல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது இவர் காலத்தில்தான். நம் வீட்டு சாம்பாரில் விழுகிற சௌசௌ இருக்கிறதே, அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர் வந்ததற்கும் கேமரன் காலத்து லால்பாக்கைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அதுவும் மெக்சிகோக்காரச் செடி. ஹாஸ்டல்களில் அதைத் தினமும் சாப்பிட்டுப் புலம்பியவர்கள் யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிந்துகொள்ளலாம்.

கேமரனுக்குப் பிறகு வந்தவர்தான் அந்த ஜெர்மன்காரர்: குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். 1865ல் டிரெஸ்டன் அருகே லோமன் என்ற ஊரில் பிறந்தவர். தோட்டக்கலை படித்து, இருபத்து சொச்ச வயதில் இங்கிலாந்து வந்து க்யூவில் சேர்ந்தார். அங்கிருந்து 1893ல் பரோடா மகாராஜா அழைத்துப் போனார். 1908ல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தில் பெங்களூர். அதன்பின் அவர் ஊர் திரும்பவே இல்லை என்று சொல்லிவிடலாம். 1932ல் லால்பாக் பொறுப்பிலிருந்து ஓய்வு. அதற்குப் பின்னும் மைசூர் அரசுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது, கால் நூற்றாண்டு உழைத்த ஊரிலேயே எதிரி நாட்டுக்காரர் என்று அடைத்து வைக்கப்பட்டார். பிறகும் பெங்களூரிலேயே இருந்து 1956ல் அங்கேயே இறந்தார். ஓசூர் ரோட்டுக் கல்லறையில் இருக்கிறார். தோட்டக்காரரைக் கைது செய்கிற போரைப் பற்றி என்ன சொல்ல.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது வரிசைப் பூப்பு என்ற யோசனை. தெருவுக்கு ஒரு ஜாதி மரம் என்று வை. ஒன்று பூத்து முடிக்கிறபோது அடுத்தது ஆரம்பிக்கிற மாதிரி ஜாதிகளைத் தேர்ந்தெடு. அப்போது வருஷத்தில் எந்த மாதம் எடுத்தாலும் ஊரில் ஏதோ ஒரு தெரு பூத்திருக்கும். சொல்லும்போது சுலபம், பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பூக்கப்போகிற மரத்துக்கு இன்றைக்கே முறை வைக்க வேண்டும். பெங்களூர் இதற்குத் தோதான இடம் என்பதும் உண்மை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் பனியும் கொல்லாது, வெயிலும் கருக்காது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை பேருக்குத்தான். வறட்சி தொடங்கியதும் இந்த மரங்கள் தண்ணீரைச் சேமிக்க இலையை உதிர்க்கின்றன. மொட்டைக் கிளையில் பூத்தால் வண்டுக்கும் தேனீக்கும் தூரத்திலிருந்தே தெரியும். காய் முற்றி, றெக்கை வைத்த விதைகள் காற்றில் போய் விழும் சமயத்துக்கு மழையும் வந்து சேரும். நமக்கு அழகாகத் தெரிவது மரத்துக்குப் பஞ்சகாலப் பிழைப்பு. மழை முன்னே பின்னே ஆனால் பூவும் முன்னே பின்னே ஆகும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். க்ரும்பீகல் ஓய்வு பெற்றது 1932. ஜெயநகர் உருவானது 1948ல். இந்திராநகர், கோரமங்களா எல்லாம் அதற்கும் பின்னால். படங்களில் அடிக்கடி வரும் ஒயிட்ஃபீல்டு பக்கத்து ரோஸ் சாலைகளைச் சுற்றி ஐ.டி. கம்பெனிகள் முளைத்தது போன நூற்றாண்டின் கடைசியில்தான். தெருவே இல்லாத காலத்தில் தெருவோர மரத்தை எப்படி நடுவது? பழைய ஊரின் சில சாலைகள், கப்பன் பார்க், லால்பாக் இவற்றை அவர் கணக்கில் எழுதலாம். மீதிக்கு வேறு ஆட்களைத் தேட வேண்டும்.

தேடினால் முதலில் கிடைப்பவர்கள் இரண்டு மாணவர்கள். வெளிநாடு போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஒருவர் எச்.சி. ஜவராயா. க்ரும்பீகலிடம் தொழில் கற்று, க்யூவுக்கும் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர். 1932ல் க்ரும்பீகல் இடத்துக்கு வந்தார். க்யூவிலிருந்து ஆள் வரவழைத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கு முதல் இந்தியத் தலைவர். இன்னொருவர் எம்.எச். மரிகௌடா. 1916ல் மைசூர்ப் பக்கத்தில் பன்னூர் அருகே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

இந்த ஹார்வர்டு விஷயம் எனக்குத் தனியாகப் பிடிக்கும், ஏனென்றால் நான் இப்போது குப்பை கொட்டுவது பாஸ்டனில். இங்கே ஹார்வர்டுக்குச் சொந்தமான ஆர்னால்டு அர்போரீட்டம் என்ற மரத்தோட்டம் இருக்கிறது, 1872ல் ஆரம்பித்தது. மே மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கே லைலாக் ஞாயிறு. ஐந்து மாதக் குளிரில் அடைந்து கிடந்த ஊரே மூக்கைத் தூக்கிக்கொண்டு புதர் புதராக மோந்து பார்க்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தத் திருநாளின் கணக்கும் 1908லிருந்துதான் தொடங்குகிறது, க்ரும்பீகல் பெங்களூர் வந்த அதே வருஷம். இங்குள்ள மாணவப் பிள்ளைகள் புல்லில் துண்டை விரித்துப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது, பன்னூர் கிராமத்துப் பிள்ளையும் இப்படி ஒரு மே மாதத்தைப் பார்த்துவிட்டுத்தானே திரும்பிப் போனார் என்று தோன்றும்.

திரும்பிப் போய் அவர் செய்தது பெரும்பாலும் பூ விஷயம் இல்லை. 1963ல் தோட்டக்கலைக்கென்று தனித்துறை வந்தபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். மாநிலம் முழுக்க தோட்டப் பண்ணைகள், நாற்றங்கால்கள். வானம் பார்த்த பூமியிலும் பழமரம் வைத்துப் பிழைக்கலாம் என்று விவசாயிக்குக் காட்டுவது அவர் லட்சியம். விளைந்ததை விற்கக் கூட்டுறவு. நான் பொட்டலம் வாங்கித் தின்ற ஹாப்காம்ஸ், 1959ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாக ஆரம்பித்தது. அதன் பின்னாலும் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆக என் முதல் சந்தோஷமும் இரண்டாவது சந்தோஷமும் ஒரே வம்சம். மரிகௌடா 1992ல் இறந்தார், நான் பெங்களூர் போவதற்கு மூன்று வருஷம் முன்பு. கால் கிலோ திராட்சைக்கு நன்றி சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஆனாலும் தெருவோர ரோஸ் மரங்களுக்கு இவர்களும் முழு விடை இல்லை. அடுத்த பெயரைத்தான் படங்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி: எஸ்.ஜி. நெகின்ஹால். வனத்துறை அதிகாரி. எழுபதுகளில் பெங்களூர் தாறுமாறாக வீங்க ஆரம்பித்து, பச்சை குறைந்துகொண்டே வந்தது. 1976ல் மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். சட்டம் வெட்டுவதைத் தடுக்கலாம், நடுவதற்கு ஆள் வேண்டுமே. 1982ல், குண்டுராவ் முதலமைச்சராக இருந்தபோது, நகரத்தில் மரம் நடும் வேலை நெகின்ஹாலிடம் வந்தது. ஐந்து வருஷத்தில் 15 லட்சம் கன்றுகள் நட்டார்கள். பதினைந்து லட்சம்! காட்டு அதிகாரி ஒருவர் தெருவுக்கு வந்து, சாக்கடைக்கும் மின்கம்பிக்கும் நடுவே குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

நான் 1996 பிப்ரவரியில் அண்ணாந்து பார்த்த மரங்களின் வயதை இப்போது கணக்குப் போட்டால் புரியும். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள். அப்போதுதான் பூக்கத் தொடங்கியவர்கள். நூறு வயதுத் தாத்தாக்கள் என்று நாம் கொண்டாடுகிற பலர் எனக்குத் தம்பிகள்! நெகின்ஹால் 2021ல் காலமானார். க்ரும்பீகல் பெயரில் லால்பாக்கை ஒட்டி ஒரு சாலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் வெள்ளைக்கார மேதை, மகாராஜா, நூறு வருஷம் என்று சொன்னால் நம் மக்களுக்கு ஒரு கிளுகிளுப்பு. அரசாங்க அதிகாரி, ஐந்து வருஷத் திட்டம், எண்பதுகள் என்றால் யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள். முதல் கதையை நம்பினால் இது இனி நடக்காத அற்புதம். இரண்டாவது கதை, சம்பளம் வாங்கிய ஆட்கள் ஒழுங்காக வேலை பார்த்ததால் நடந்தது. எனக்கு இரண்டாவதில்தான் அதிக ஆச்சரியம்.

இன்னும் பின்னால் போனால், குழி தோண்டிய கைகள் யாருடையவை என்று கேள்வி வரும். பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்று சொல்லிக்கொள்பவர்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது பொதுவான பேச்சு. அவர்களில் சில பிரிவினர் வீட்டில் பேசுவது தமிழ் கலந்த பாஷை. ஏரிப்படுகைகளில் காய்கறியும் பூவும் பயிரிட்டு ஊருக்குக் கொடுத்தவர்கள். அவர்களின் பெரிய திருவிழா கரகம். சித்திரைப் பௌர்ணமி இரவு, திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் புறப்படும். மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் வைத்துக் கைபடாமல் பெண் வேடத்தில் ஒருவர் நடக்க, சுற்றிலும் வாள் ஏந்திய வீரகுமாரர்கள். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் நிற்கும். நள்ளிரவுக்கு மேல் பேட்டையில் நின்று அதைப் பார்த்தபோது, திரௌபதையம்மன் கோயில் தீமிதி பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டு அறைத்தோழன் சொன்னான்: "டேய், இது எங்க ஊரு சாமிடா." கரகத்தின் சடங்குகளுக்குத் தண்ணீர் தந்த சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா ஸ்டேடியம். ஓரத்தில் ஒரு குளம் மட்டும் சடங்குக்காக மிச்சம். ஏரி போனதும் அதை நம்பியிருந்த தோட்டங்களும் போயின. மரத்துக்குப் பெயர் வைத்த கேமரனையும் க்ரும்பீகலையும் பற்றிப் பேசுகிறோம், தண்ணீர் ஊற்றியவர்களைச் சமூகத்தின் பெயரால் மட்டும்தான் குறிப்பிட முடிகிறது.

நம்ம ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1933ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக பெங்களூர் வந்தார். 1948ல் தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்து அதன் வளாகத்தில் மரமும் ரோஜாவும் வளர்த்தார். அறுபதுகளில், எழுபதைத் தாண்டிய வயதில், பூக்களின் நிறத்தைப் பிடித்துக்கொண்டார். பூவுக்குப் பூ நிறமாலைக் கருவியை நீட்டிப் பார்த்து, கண் எப்படி நிறத்தை அறிகிறது என்று ஆராய்ந்து, 1968ல் புத்தகமே போட்டார். அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை உலகம் பெரிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. போகட்டும், நோபல் வாங்கிய கிழவர் தோட்டத்தில் பூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்குப் போதும். 1970 நவம்பர் 21ல் இறந்தார். அந்த வளாகத்திலேயே தகனம். சமாதி கட்டவில்லை, ஒரு மரம் வைத்தார்கள். அதுவும் டபேபுயா வகைதான். அதற்கு ப்ரிமவேரா என்று பெயர். ஸ்பானிஷில் வசந்தம் என்று அர்த்தம்.

இந்த வந்தேறி மரங்கள் மேல் குறையும் உண்டு. டபேபுயாவில் நிழல் குறைவு, பறவைக்குப் பழம் கிடையாது. குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் கோடை மழைக் காற்றில் கிளையை உடைத்துக் கார் மேல் போடும். ஆலும் அத்தியும் புங்கையும் வைத்திருக்க வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிழல் என்று வந்தால் என் ஓட்டும் புங்கைக்குத்தான். ஆனால் எந்த ஜாதியாக இருந்தாலும் தெருவில் மரம் இருப்பது என்ன செய்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹரிணி நாகேந்திராவும் கூட வேலை பார்த்தவர்களும் 2013ல் வெளியிட்ட ஆய்வில், மரமுள்ள சாலைத் துண்டுகளில் மதியக் காற்று 5.6 டிகிரி வரைக்கும் குறைவு, தார் ரோட்டின் மேற்பரப்பு 27.5 டிகிரி வரைக்கும் குறைவு. செருப்பு தேய்ந்த மாணவனுக்கு இந்தக் கணக்கு காலிலேயே தெரியும். காரில் ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு மரம் அலங்காரம். நடக்கிறவருக்கும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும்தான் அது கூரை.

அந்தக் கூரையைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மகாத்மா காந்தி ரோட்டில் மைதானத்தை ஒட்டி ஒரு நடைபாதைப் பூங்கா இருந்தது. கல் பெஞ்சு, பூக்கொடி, மேலே மரம். சம்பளம் இல்லாத காலத்தில் எம்.ஜி. ரோட்டில் எங்களால் உட்கார முடிந்த ஒரே இடம். மெட்ரோவுக்காகப் போயிற்று. எதிர்ப்பக்கத்து இந்தியா காபி ஹவுஸும் 2009ல் அந்த இடத்தை விட்டு சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டது. அதே 2009ல் ஜெயநகர்ப் பக்கம் லட்சுமணராவ் பூங்காவில் மெட்ரோவுக்காக மரம் வெட்டியபோது ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு போராடினார்கள், ரயில்தான் ஜெயித்தது. ரயிலாவது பரவாயில்லை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் ஏறலாம். 2016ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை எஃகுப் பாலம் என்று ஒன்று கிளம்பியது. விமான நிலையத்துக்குப் போகும் கார்களுக்காக எண்ணூறு மரங்களுக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த அக்டோபரில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த வரிசையில் என்னோடு படித்த இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் மதுரை, ஒருத்தி பாலக்காடு. பஸ்ஸில் தமிழ் பேசப் பயந்த காலம் போய், ஊர் மரத்துக்காகக் கன்னடத்தில் கோஷம் போடும் அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்.

லால்பாக்கில் க்ரும்பீகல் பெயரில் ஒரு பழைய வகுப்புக் கட்டடம் இருந்தது, தோட்டக்கலை மாணவர்கள் பாடம் கேட்ட இடம். பழுதுபார்க்க ஆளில்லாமல் கிடந்து 2017ல் இல்லாமல் போனது. அவர் பெயரைப் படத்தோடு சேர்த்து அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

தம்பி மகள் போன வருஷம் பெங்களூரில் சேர்ந்திருக்கிறாள். "பெரியப்பா, இங்க டிராஃபிக்கைத் தவிர பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். எழுதி அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்குள் கப்பன் பார்க் போய்விடு, அப்புறம் போட்டோக்காரர்கள் வந்துவிடுவார்கள். மார்ச்சில் ஜெயநகர் உள்தெருக்களில் ஜக்கராண்டாவைத் தேடி நட, ஆட்டோ வேண்டாம். திராட்சை வாங்கினால் ப்ளூ வாங்கு, கொட்டை இருக்கும், பரவாயில்லை. உகாதிக்குப் புங்கமரம் ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை பார். கரகத்துக்குத் தனியாகப் போகாதே, தோழிகளோடு போ, திரும்ப விடிந்துவிடும். ராமநவமிக்கு டம்ளர் ஒன்று பையில் வைத்துக்கொள். பதினோரு மணிக்கு மேல் பந்தலில் பேப்பர் கப் தீர்ந்துவிடும், பானகம் தீராது.